மூன்றாம் பக்கம்

2006 மார்ச் 5, ஞாயிறு
விடியற்காலையிலிருந்தே பனி. தேவாலயத்துப் பூசைக்கு நடந்து போனதில் சப்பாத்துக்குள் ஈரம்.

வருகிற சனி கோயில் மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மகளிர் தின விழா. மகள் டிலானி பேசுகிறாள். பதினைந்து வயது. இங்கே பள்ளிக்கூடம் பிரெஞ்சில், தமிழ் எழுத்து தடக்கும். அவள் பிரெஞ்சில் எழுதுவாள், நான் தமிழாக்கி ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். மூன்று பக்கம்.

விஷயம்: நூறு வருடத்துக்கு முன் லண்டனில் வாக்குரிமை கேட்டுச் சிறை போன பெண்கள். சாப்பிட மறுத்திருக்கிறார்கள். அமுக்கிப் பிடித்து, மூக்கால் குழாய் விட்டு, பாலும் முட்டையும் ஊற்றியிருக்கிறார்கள்.

மூக்குக் குழாய் எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் தாதி குழாய் விடும்போது ஆளின் கையைப் பிடிப்பது என் வேலை. சம்மதித்தவர்களுக்கே கண்ணீர் ஓடும்.

"அங்கை கையை ஆர் பிடிச்சது?" என்று கேட்டேன்.
"ஜெயில்காரிகள். அவையும் பொம்பிளையள்தான் அம்மா. வேலை எண்டு செய்தவை."

மார்ச் 7, செவ்வாய்
வாங்க: கோதுமை மா, உருளைக்கிழங்கு, ரின்னில் அடைத்த மீன், ரஸ்க் தூள், எண்ணெய்.
விழாவுக்கு மண்டபக் குசினியில் மீன் ரோல்ஸ் பொரிக்கிற பொறுப்பு எங்கள் ஐந்து பெண்களுக்கு. மகளிர் தினம், மகளிர் குசினியில்.

மூன்றாம் பக்கம் முடிந்தது. சிறைக் கதை முழுக்க அதில்தான். கடைசி வரி அவளே யோசித்தது: எங்கள் சங்கத்தில் இன்றைக்கும் குடும்பத்துக்கு ஒரு வாக்கு, போடுவது அப்பாமார். எழுதும்போது சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது.

மார்ச் 9, வியாழன்
சங்கச் செயலாளரின் போன். கர்க்லாண்டில் பெரிய வீடு. என் வீட்டுக்காரருக்கு டோர்வலில் பெட்டி ஏற்றுகிற வேலை எடுத்துத் தந்தவர். பேச்சுகளை முதலில் அவருக்குக் காட்ட வேண்டும், காட்டியிருந்தேன்.

"தங்கச்சி, மற்றதெல்லாம் நல்லாக் கிடக்கு. உந்த மூண்டாம் பக்கம் வேண்டாம். சனம் சாப்பிட வாறது, குழாய்க் கதை என்னத்துக்கு? தவக்காலத்திலை வீண் சண்டையும் வேண்டாம்."
"ஓம் அண்ணை."
உடனே சொன்னேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.
என் வீட்டுக்காரர்: "ஒரு பக்கம்தானே."
டிலானியிடம் சொல்லவில்லை. தன் அறைக்குள் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள்.

மார்ச் 11, சனி
மண்டபம் நிறைந்த சனம். மேடைக்குப் போகமுன் "அம்மா, ஃபைலைத் தாங்கோ" என்றாள். மூன்றாம் தாளை உருவி ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு கொடுத்தேன்.

ரோல்ஸ் பொரித்தபடி பாதி திறந்த குசினிக் கதவால் பார்த்தேன். இரண்டாம் பக்கம் முடிந்து திருப்பினாள். ஃபைலின் வெறும் மட்டை. பாடமாக்கியிருப்பாள், சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். குசினிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். என் ஏப்ரன் பையில் தாள் நீட்டிக்கொண்டிருந்தது.
"நன்றி" என்று சொல்லி இறங்கிவிட்டாள். நல்ல கைதட்டு. செயலாளர் மைக்கில், "கெட்டிக்காரப் பிள்ளை."
ரோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் தொடவில்லை.

காரில்:
"அண்ணைதான் வேண்டாமெண்டவர்" என்றேன்.
"அவர் சொன்னவர். எடுத்தது நீங்கள்."

மார்ச் 12, ஞாயிறு
வெயில். கூரைப் பனி சொட்டுகிறது. டிலானி பூசைக்கு வரவில்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவுமில்லை.

புட்டும் மீன் குழம்பும் தட்டில் கொண்டுபோய் அறைக் கதவைத் தட்டினேன்.
"எனக்கு வேண்டாம்."
"ரெண்டு வாய், பிள்ளை."
இன்னொருக்கால் தட்டினேன்.
இவர் சோபாவில் இருந்தபடி, பகிடியாக, "நீ கையைப் பிடி, நான் வாய்க்குள்ளை தீத்திவிடுறன்."
பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன். உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கும்.