ஒருமுறை அடித்தால் வேலை

14 அக்டோபர் 2008
விடியுமுன் போன் ஒருமுறை அடித்து நின்றது. ஒன்று என்றால் கேரட் காட்டில் வேலை. இரண்டு என்றால் இல்லை. மார்க்கெட் விலை தெரிந்தபின் கங்காணி அழகுமலை காசில்லாமல் சேதி சொல்லும் முறை இது. எடுத்துப் பேசிவிட்டால் திட்டுவார். அம்மா சுவரைத் தட்டினாள். பக்கத்து வீட்டு வீரம்மா சித்தி அடுத்த சுவரைத் தட்டினாள். அப்படியே கடைக்கோடி வீடு வரை. பேத்துப்பாறைப் பள்ளத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் இந்த ஒரு போன்தான் – என் முதல் சம்பளத்தில் வாங்கியது.

21 அக்டோபர்
ஆபீசில் கூட்டம். எங்கள் செல்போன் கம்பெனிக்கு ஒரு டவர், போட்டிக் கம்பெனிக்கு ஒரு டவர். கரண்ட் போகும்போதெல்லாம் இரண்டிலும் டீசல் எரிகிறது. இனி இரவு முழுதும் எங்கள் டவரை நிறுத்திவிட்டு, காலை ஏழு மணி வரை அவர்கள் டவரையே இருவரும் பகிர்ந்துகொள்வார்களாம். டீசல் மிச்சம், புகையும் குறைவு. நல்ல திட்டம்தான். ஆனால் அவர்கள் டவர் மலைக்கு அந்தப் பக்கம். ரோடு வரை எட்டும், பள்ளத்துக்கு எட்டாது.

அந்த நேரத்தில் பள்ளத்தில் யாரும் பேசுவதில்லை என்கிறது அறிக்கை. தயாரித்தவள் நான். பேசிய நிமிடங்கள்தான் அதில் ஏறும். அடித்து நின்ற அழைப்பு ஏறாது.

கை தூக்க நினைத்தேன். முடியவில்லை. எல்லோரும் போனபின் மேனேஜர் சிவராமன் சாரிடம் சொன்னேன்.

“மிஸ்டு காலுக்காக ஜெனரேட்டர் ஓட்டச் சொல்றியாம்மா? சென்னைல சிரிப்பாங்க.”

எழுதிக் கொடு, அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

3 நவம்பர்
நிறுத்திவிட்டார்கள். அம்மா போனைக் குலுக்கிப் பார்த்தாள். ரோட்டில் ஆள் இல்லை என்று கேரட் லாரி நிற்காமல் போய்விட்டது. லயத்துப் பெண்கள் எல்லோரும் இன்று சும்மா.

9 நவம்பர்
இப்போது இருட்டோடு ரோட்டுக்கு ஏறுகிறார்கள். அங்கேதான் சிக்னல். காட்டுமாடு நிற்கும் பாதை, வேண்டாம் என்றேன். அம்மா போனை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தாள்.

“உங்காத்தாவுக்குத் தீவட்டி புடிக்கிற சோலி கெடச்சிருச்சுடி. நீ வெரசா ஆபீசுக்குக் கெளம்பு” என்றாள் வீரம்மா சித்தி.

18 நவம்பர்
சித்தி போய்விட்டாள்.

பனிமூட்டம். காட்டுமாடு நின்றதே தெரியவில்லையாம், முட்டிவிட்டது. உதவிக்கு யாரையாவது கூப்பிட அம்மா ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். சிக்னல் வந்ததும் போன் அடித்தது. ஒருமுறை. இன்று வேலை இருந்திருக்கிறது.

“திரும்பிப் பாத்திருக்கணும்டி. போனையே பாத்துக்கிட்டுப் போயிட்டேன்.” அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்னைக்கு நான் கூட்டத்துல வாயத் தெறந்திருந்தா? எல்லார் முன்னாடியும்? தெரியல. என்னத்த எழுத.

24 நவம்பர்
சென்னையிலிருந்து பதில். அந்த நேரத்துப் பேச்சு நிமிடங்கள் உயர்ந்தால் பரிசீலிப்பார்களாம்.

“நிறுத்தி வச்ச டவர்ல எப்படி சார் உயரும்?”

சத்தமாகவே கேட்டுவிட்டேன். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீரம்மா சித்தியின் பெயரையும் சொன்னேன். சிவராமன் சார் என் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டார்.

1 டிசம்பர்
ஒரு மாதச் சோதனை. இன்றிலிருந்து இரவிலும் டவர் ஓடும். அடித்து நின்ற அழைப்புகளுக்கும் அறிக்கையில் தனிப் பத்தி போடச் சொல்லிவிட்டார் சார். அம்மாவிடம் சொன்னேன். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

2 டிசம்பர்
அடிக்கவில்லை.

5 டிசம்பர்
இன்றும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் அழகுமலையைப் பிடித்துக் கேட்டேன். அவர் கீழே பார்த்தபடியே பேசினார்.

“சாவு விழுந்ததும் பாரஸ்ட்டுக்காரங்க வந்து என்னையத்தான் கேக்குறாங்க. ரோட்டோர ஊருலயே ஆள் எடுத்துக்கிட்டேன்ம்மா. அங்கன எப்பவும் சிக்னல் கெடைக்குது. ஆத்தாகிட்ட கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு.”

அம்மாவிடம் சொல்லவில்லை.

31 டிசம்பர்
அம்மா இன்றும் வெள்ளென எழுந்து, சுவரோரம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அப்படியே இருந்தாள்.

மாத அறிக்கை முடித்தேன். பள்ளத்தில் பேசிய நிமிடங்கள் – பூஜ்யம். அடித்து நின்ற அழைப்புகள் – பூஜ்யம். சிவராமன் சார் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கச் சொன்னார். பார்த்தேன். நாளை இரவிலிருந்து டவரை நிறுத்துகிறார்கள்.

இந்த முறை கணக்கில் பிழை இல்லை.