சாமி மரத்துக் குளவிகள்

செவ்வாய், மழை விட்ட இரவு

காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது என் மனைவி செல்வியைக் குளவிகள் கொட்டிவிட்டன. செடிகளை மட்டமாக்கிக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன் நாங்கள் பொங்கல் வைக்கும் சாமி மரத்தில்தான் கூடு. மலையில் மற்ற மரங்களையெல்லாம் வெட்டியபோது, சாமிக்குப் பயந்து அதை மட்டும் விட்டுவைத்தோம். அதன் நிழலில்தான் சாப்பிடுகிறோம். அதன் அடியில்தான் ஊற்று.

சாயங்காலம் மரம் அறுக்கும் வாளை எடுத்தேன். வீங்கிய உதட்டோடு செல்வி தடுத்தாள்.

“சாமி மரங்க. கை வெக்காதீங்க.”

“அந்தச் சாமிதானே ஒன்னைய கொட்ட விட்டுச்சு?”

“உசுரோட விட்டுச்சில்ல?”

கோபத்தோடு போனேன். பனியில் மரம் தெரியவில்லை, ரீங்காரம் மட்டும் மிதந்தது. எப்போது வாளைக் கீழே வைத்தேன், எப்போது கைகூப்பினேன், நினைவில்லை. கும்பிட்டது சாமியையா, குளவிகளையா? கண்ணை மூடினால் இரண்டுக்கும் ஒரே குரல்.