இன்ஜின் ஆறும் வரை

என்னங்க,

வைத்தியரிடம் முழங்காலை நீவி முடித்ததும் பசியோடு வருவீர்கள். சோயா டெம்பே பொரித்து மூடி வைத்திருக்கிறேன். சம்பல் அம்மியிலேயே இருக்கிறது.

அந்தச் சிவப்பு பைக்கை ஓட்டிப் பார்க்க வீடுவரை கொண்டுவந்துவிட்டேன். "ஈடா எதையாவது விட்டுட்டுப் போங்கக்கா" என்றார் விற்கிறவர். உங்கள் தம்பி சுகெங்கை விட்டுவிட்டு வந்தேன். நமது பைக் நிபுணர் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணி, இன்ஜின் பாடுது. கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார். சொல்லும்போது அவர் கண்ணும் மூடித்தான் இருந்தது. நான் இன்ஜினைத் தொட்டேன். சுட்டது. நாங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடாக இருந்தால் எந்தப் பழைய இன்ஜினும் கிளம்பிவிடும். விடியற்காலையில் டோஃபு கூடையோடு நான் உதைக்கும்போது யார் வந்து சூடாக்குவார்கள்?

அதனால் வாசலில் நிறுத்தி ஆற வைத்திருக்கிறேன். உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுவதும் போய்த் தொட்டுப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

"பொண்டாட்டி ஓட்ட நான் பின்னாடி உக்காந்தா தெருவே சிரிக்கும்" என்று ராத்திரி கத்தினீர்கள். அந்தக் காலோடு நீங்கள் ஓட்ட முடியாது. கடைக்கு நடக்கவும் முடியாது.

ரத்மி

பி.கு.: ஆறிவிட்டது. இரண்டு உதை வீண், மூன்றாவதில் கிளம்பியது. வாங்கிவிடலாம். வீணான இரண்டு உதைக்கும் விலையைக் குறைக்கச் சொல்லி, மிச்சத்தில் முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் ஒன்று வாங்கி வருகிறேன். எனக்கில்லை.