வலிப்பு நின்ற பிறகு

அம்மிணி,

இன்று காலை உன் ஸ்கூட்டர் மேல் போர்த்தியிருந்த சாக்கை எடுத்தேன். பெட்ரோல் வாசனை குப்பென்று ஏறியது. துடைப்பதற்கென்றுதான் போனேன். துடைக்கவில்லை. வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

நீ வண்டி பழகியதே என்னால்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியை ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தபோது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு முதல் வலிப்பு வந்தது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு ரயிலேற்றி அனுப்பினார். நம் எருமப்பட்டியில் வந்து விழுந்தவனைப் பார்த்து ஊரே அழுதது. நீ மட்டும் சைக்கிள்கூட மிதித்தறியாத காலோடு ஸ்கூட்டர் பழகப் போய் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாய்.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் என் துண்டால் நம் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டுவாய். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூசியது. "சிரிக்கறவங்க சிரிக்கட்டும் மாமா. நீங்க உழுந்தா அவங்களா வந்து தூக்குவாங்க?" என்றாய்.

வலிப்பு நோய்க்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்தது, மாதாமாதம் உதவித்தொகை வந்தது. அப்புறம் சேலம் அஸ்தம்பட்டி டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரையில் வலிப்பு குறைந்து, ஒரு கட்டத்தில் வராமலே நின்றுவிட்டது. அதைக் கொண்டாட முடியாமல் போனதுதான் கொடுமை. நீ அப்போது புற்றுநோயோடு கட்டிலில் கிடந்தாய்.

அட்டையைப் புதுப்பிக்க மறுபரிசோதனை வந்தது. என் தம்பி சொன்னான், "அண்ணா, அப்பப்ப வருதுன்னே சொல்லு. இல்லீனா காசு நின்னு போயிரும்." அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உன் மருந்துச் செலவு தலைக்கு மேல் நின்றது. நீ அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாய். "போன நோவ எதுக்குங்க மறுக்கா ஊட்டுக்குள்ள கட்டி வெக்கோணும்? நல்லாயிட்டா நல்லாயிட்டேன்னு சொல்லுங்க." அந்தப் பரிசோதனை நாளுக்கு முன்பே நீ போய்விட்டாய்.

துக்கம் முடிந்த கொஞ்ச நாளில் நம் மகளுக்குக் காய்ச்சல். காலையிலேயே உடம்பு அனலாய்க் கொதித்தது. நான் உன் வண்டியை வெளியே தள்ளிக் கிளப்பினேன். அத்தனை வருசத்துக்குப் பிறகு கையில் ஆக்சிலேட்டர். அவள் பின்னால் ஏறி, என் முதுகில் தலை சாய்த்து, "ஓட்டுங்கப்பா, பயமில்ல" என்றாள். அவளுக்குப் பயமில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. வண்டியை நிறுத்தினேன். அவளை இறக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். "ஏம்ப்பா?" என்று கேட்டாள். அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

அவள் தேறியதும் அஸ்தம்பட்டிக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு வருவதில்லை, வண்டி ஓட்ட வேண்டும், லாரி வேண்டாம், ஸ்கூட்டர் போதும் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சந்தோசம். ஆனா மாத்திரையிலதான் அடங்கியிருக்கு. ஓட்டலாம்னு நான் எழுதித் தர முடியாதுங்க. சட்டமும் எடங்குடுக்காது" என்றார்.

மறுபரிசோதனையிலும் உண்மையையே சொன்னேன். உதவித்தொகை பெறும் அளவுக்குப் பாதிப்பு இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். வண்டி என்றால் நான் நோயாளி, பணம் என்றால் நான் ஆரோக்கியசாலி. இரண்டு இடத்திலுமே தப்பாகச் சொல்லவில்லை. அதனால் யார் மேலும் கோபப்படக்கூட வழியில்லாமல் சில நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். தம்பி பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

இப்போது நாமக்கல்லில் ஒரு டயர் கடையில் வேலை. பஸ்ஸில்தான் போகிறேன். எப்போதும் முன்சீட்டில் உட்காருவேன். வளைவு வந்தால் என் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தானாகத் தரையை அழுத்துகிறது. அதை அடக்க முடியவில்லை.

போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, டிரைவருங்களா?" என்றார்.

"முன்னால ஓட்டுனனுங்க. வலிப்பு வந்துச்சு, நிறுத்திட்டேன். இப்ப நல்லாயிட்டனுங்க."

"அப்ப மறுக்கா ஓட்டலாமில்லீங்களா?"

"இல்லீங்க."

அவருக்குப் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்பெல்லாம் அந்த வியாதியின் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கால் மட்டும் அழுத்திக்கொண்டே வந்தது.