நீ விழுந்தபோது தியேட்டர் கைதட்டியது

தியேட்டரே சேர்ந்து திட்டிய என் செல்ல அண்ணாவுக்கு,

உன் படம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் ஊருக்கெல்லாம் நீயே போன் போட்டுச் சொல்லி, டிக்கெட் எடுத்தாயா எடுத்தாயா என்று எங்கள் உயிரை வாங்கியிருப்பாய். இப்போது நான் உனக்குச் சொல்கிறேன். ஓசூரில் ஒரு தியேட்டர், கிருஷ்ணகிரியில் ஒரு தியேட்டர். அதே வெள்ளிக்கிழமை ஒரு பெரிய நடிகரின் படமும் வந்ததால் நமக்குக் காலைக் காட்சி மட்டும்தான் கொடுத்தார்கள்.

படம் எப்படி இருக்கிறது என்கிறார்கள் என்றுதானே முதலில் கேட்பாய்? ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை அண்ணா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளியாவதற்கு முந்தின வாரம் சீனு அண்ணன் வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் உன்னோடு ஒரே ஷிப்டில் நின்றவர். வேலையை விட்டுவிட்டு டைரக்டர் ஆகப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும்தான் ‘எனக்கு வில்லன் வேஷம் குடுடா’ என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சூளகிரிப் பக்கம் தைலமரத் தோப்பிலும், பர்கூர் தாண்டி மூடிக்கிடந்த கல் குவாரியிலும் நீங்கள் எடுத்த படம். கிரானைட் கடத்தல், எல்லைச் செக்போஸ்ட், வெட்டு, குத்து. எல்லாம் எடுத்து முடித்து, டப்பிங்கும் பெரும்பாலும் பேசியாகிவிட்ட நேரத்தில், ஒரு காலை கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

சீனு அண்ணன் செல்போனை அண்ணியிடம் நீட்டினார். மாலை போட்ட உன் போட்டோ.

“படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதப் போட்டுடறேன் அண்ணி. அவன் இப்ப இல்லன்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல?”

லதா அண்ணி அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மொதல்ல போடாதீங்க. மாலையப் பாத்துட்டா அப்பறம் யாரு அவர திட்டுவாங்க? அய்யோ பாவம்னு உச்சு கொட்டிக்கினு ஒக்காந்திருப்பாங்க. அவரு வில்லனுங்க. திட்டு வாங்கணும்னுதான அவ்ளோ ஆசப்பட்டாரு.”

“அது சரிங்க அண்ணி. ஆனா விமர்சனம் பண்றவங்க இதப் பாத்தா கொஞ்சம் எரக்கமாப் பேசுவாங்க. நம்மளது சின்னப் படம். அதுவும் ஒரு ஒதவிதான?”

“எரக்கத்துல ஓடற படம் அவருக்கு வேணாம். கடைசியில போடுங்க. எல்லாரும் எந்திரிச்சுப் போனதுக்கப்பறம் வந்தாலும் பரவால்ல.”

சீனு அண்ணன் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிந்தது. அந்தப் படம் விழுந்தால் அவர் மறுபடி மெஷின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். ஆனாலும் அண்ணி சொன்னபடியேதான் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்லாவியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். நான், அண்ணி, அம்மா மூவரும் கிருஷ்ணகிரியில் போய் உட்கார்ந்தோம். பாதித் தியேட்டர் நிறைந்திருந்தது. காலேஜ் பையன்கள், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தவர்கள், ஒன்றிரண்டு குடும்பங்கள். எங்களை யாருக்கும் தெரியாது.

முதல் அரை மணி நேரம் ஹீரோவும் நண்பர்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கே கொட்டாவி வந்தது. பின்வரிசையில் ஒருவன், “ஏலே, சண்டைப் படம்னுல்லா கூட்டியாந்த?” என்று கூட்டாளியிடம் சலித்துக்கொண்டான். தெற்கத்திப் பேச்சு. அப்புறம் நீ வந்தாய். தைலமரங்களுக்கு நடுவே ஜீப்பிலிருந்து இறங்கி ஒரு சிரிப்புச் சிரித்தாய். பேச்சு நின்றது. செக்போஸ்ட்டில் அந்த வயசான காவலாளியை நீ கன்னத்தில் அறைந்தபோது, எங்களுக்கு முன்னால் இருந்த அம்மாள் ஒருத்தி, “நாசமாப் போறவனே!” என்று வாய்விட்டே சாபம் கொடுத்தாள். நம் அம்மா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இடைவேளையில் வெளியே வந்தபோது காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். ஓசூர்ப் பக்கத்து ஆள்போல, ஒருவர் போனில் கன்னடத்தில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: “வில்லன் சென்னாகி மாடிதானெ.” வில்லன் நன்றாகச் செய்திருக்கிறானாம். அவர் பக்கத்தில் நின்றவர், “இந்தக் கதைய எத்தன தடவ பாத்தாச்சு?” என்று பப்ஸைக் கடித்தார். எனக்கு இரண்டு பேர்மீதும் கோபம் வரவில்லை. உனக்கு வந்திருக்குமோ?

கடைசிச் சண்டை குவாரியில். நீ போன அன்று எங்கள் யாருக்கும் உன் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. அண்ணி சமையலறையில், நான் என் கம்பெனியில், அம்மா கல்லாவியில். போன்தான் வந்தது. ஆக, நீ விழுவதை நாங்கள் மூவரும் முதன்முதலாகப் பார்த்தது அந்தத் திரையில்தான். ஹீரோவின் கத்தி இறங்கியதும் நீ முழங்காலிட்டுச் சரிந்தாய். தியேட்டரில் விசில் பறந்தது. கைதட்டல். முன்னால் இருந்த அந்த அம்மாள், “சாவு, சாவு!” என்றாள்.

அம்மா என் காதருகே குனிந்தாள்.

“எதுக்குடி எல்லாரும் கை தட்டறாங்க?”

“கெட்டவன் செத்துட்டான்னும்மா.”

அம்மா மறுபடி திரையைப் பார்த்தாள். “அப்ப எம் பையன் நல்லாத்தான் நடிச்சிருக்கான்,” என்றாள். அதற்குப் பிறகுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணி அசையவே இல்லை.

பாதிப் பேர் எழுந்து போன பிறகு உன் போட்டோ வந்தது. அம்மாவால் அடக்க முடியவில்லை, சத்தமாக அழுதுவிட்டாள். பின்வரிசைப் பையன்கள் இருவரும் வாசல்வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரையை ஒரு தடவை, எங்களை ஒரு தடவை. நாங்கள் வெளியே வந்ததும் அந்தத் தெற்கத்திப் பையன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

“மன்னிச்சிருங்கம்மா. தெரியாம நாங்க ரொம்பத் திட்டிட்டோம்.”

“திட்டுனதுக்கு எதுக்கு சாமி மன்னிப்பு? படம் நல்லாருந்துச்சா இல்லியா, அதச் சொல்லு.”

“சூப்பரா இருந்துச்சும்மா.”

“எனக்காகச் சொல்லாத.”

அவன் கூட்டாளியைப் பார்த்தான். “மொதப் பாதி இழுவைம்மா. சண்டையெல்லாம் நெசமாவே அடிச்ச மாதிரி இருந்துச்சு. அண்ணன் வந்ததுக்கு அப்புறம்தாம்மா படம்.”

கூட்டாளிக்கும் தைரியம் வந்துவிட்டது. “அந்தச் சிரிப்பு மட்டும் கொஞ்சம் ஓவருங்கம்மா. நடிக்கறாருன்னு தெரியுது.”

“அது நடிப்பு இல்ல சாமி,” என்றாள் அம்மா. “சின்னதுலேருந்தே அவன் அப்புடித்தான் சிரிப்பான்.”

அண்ணி சிரித்துவிட்டாள், அண்ணா. நீ போனதிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தப் பையன்களும் சிரித்தார்கள். அழுகை பாதியில் நின்ற முகத்தோடு அம்மாவும் சிரித்தாள்.

போனில் வருகிற விமர்சனங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சின்னப் படம் என்றே தெரியாத அளவுக்கு எடுத்திருக்கிறார்கள் என்கிறார்; இன்னொருவர் ஒவ்வொரு காட்சியிலும் வறுமை தெரிகிறது என்கிறார். இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா? கடைசிச் சண்டையில் உன் வசனம் ஒன்றுகூடப் புரியவில்லை என்று நிறையப் பேர் திட்டுகிறார்கள். அந்தக் காட்சிக்கு மட்டும் நீ டப்பிங் பேசியிருக்கவில்லை. வேறு ஆளைப் பேசவைக்கச் சீனு அண்ணனுக்கு மனசு வராமல், குவாரியில் அன்றைக்குப் பதிவானதையே விட்டுவிட்டார். காற்றும் லாரிச் சத்தமுமாக இரைகிறது, நடுவில் நீ கத்துகிறாய். டிக்கெட் எடுத்தவர்களுக்கு வசனம் புரிய வேண்டாமா, அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே மறுபடி ஒருநாள் தனியாகப் போய்விட்டு வந்தாள்.

என் கம்பெனி கேன்டீனில் உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ‘உங்கண்ணன் கலக்கிட்டாரு’ என்றுதான் சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு வருகிறேன். அவர்கள் பார்த்தது இறந்துபோன ஒருவனை. தியேட்டரில் இருந்தவர்களுக்கோ நீ அந்த இரண்டு மணி நேரமும் உயிரோடு இருந்தாய். அதனால்தானே சாபம் கொடுக்க முடிந்தது? சாகச் சொல்ல முடிந்தது? அண்ணிக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

சீனு அண்ணனுக்கு இன்னொரு படம் கிடைக்குமா என்று தெரியவில்லை. பெங்களூரிலிருந்து யாரோ கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். பேசியது மட்டும்தான்.

போன வாரம் உன் மகள் யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“எங்கப்பா ரவுடியாம் அத்தை. ஒரு தாத்தாவ அடிச்சாராம். எங்க கிளாஸ் பொண்ணு சொல்றா.”

“அது படத்துல கண்ணு. படத்துல அப்பா கெட்டவரு. ரொம்ப நல்லாவே கெட்டவரா இருந்தாருன்னு பாதிப் பேரு சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணிருக்கலாம்னு பாதிப் பேரு சொல்றாங்க.”

“நீ என்னா சொல்ற?”

“எனக்கு அப்பாவப் புடிச்சிருந்துச்சு. படம் பாதிதான் புடிச்சிருந்துச்சு.”

அவள் யோசித்தாள். “அப்ப அப்பா பாஸா, பெயிலா?”

“இன்னும் பேப்பர் திருத்திக்கினே இருக்காங்க,” என்றேன். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோலச் சரியென்று தலையாட்டிவிட்டு விளையாடப் போனாள்.

அவளுக்கு அந்தப் படத்தைப் பார்க்கும் வயசு வரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நானே காட்டுகிறேன். நீ குறையே இல்லாமல் நடித்தாய் என்று அவளிடம் பொய் சொல்ல மாட்டேன். திட்டினவர்கள் சொன்னதையும் தட்டினவர்கள் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். அதன்பிறகு அவளுக்கு என்ன தோன்றுகிறதோ அதை அவளையே உனக்கு எழுதச் சொல்கிறேன். குறை சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதே, உன் பெண்தான்.

உன் கூடப்பிறந்து, உன் சண்டைக்காட்சிகளில் பாதிக்குக் கண்ணை மூடிக்கொண்ட தங்கச்சி,
சாந்தி