கீழிருந்து ஏறும் உப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் கோபமும் தணிந்தனவா?

ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டியில் மணல் நிரப்பி, அடியில் உப்புநீரும் மேலே எண்ணெயும் விட்டு, எண்ணெய்க் கிணறு போலக் குழாயால் உறிஞ்சிப் பார்க்கிறோம். நேற்று மேலாளர், "இன்னும் வேகமா இழும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். இழுத்தேன். உப்புநீர் கூம்பாக எழுந்து குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டது. பிறகு வந்ததெல்லாம் தண்ணீர்தான். குழாயை அடைத்தும் அது இறங்கவில்லை.

நம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பெரிய மோட்டார் போட்டிருக்கிறீர்கள். கடலோ கூப்பிடு தூரம்; நல்ல தண்ணீருக்கு அடியில் உப்புநீர் இருக்கும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். பாதியைச் சோதிப்பேன், மீதியைக் குடித்துக்கொள்வேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. டீ தினமும் திரிகிறதென்று அம்மா பால்காரரைத் திட்டுகிறாளாமே. அவர்மேல் தப்பில்லை; உப்பு கலந்தாலும் பால் திரியும். தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

உங்கள் மகள்