வயிறு வெளுத்த கோதுமை

ஒப்ரெகான் நகரம், சொனோரா
10 நவம்பர் 1974

அன்புள்ள ஃபிதென்சியோ அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் தேறிய புதுக் கோதுமை விதை அனுப்பியிருக்கிறேன். தண்டு குட்டை, காற்றடித்தாலும் சாயாது. கதிருக்கு அறுபது மணி, நானே எண்ணினேன். ஊரில் எல்லாரையும் விதைக்கச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் எர்லிந்தா

மெஸ்கித்தால்
6 மே 1975

எர்லிந்தாவுக்கு,

நீ எழுதியபடியே ஒரு தண்டும் சாயவில்லை. களத்தில் இப்படியொரு குவியலை ஊர் பார்த்ததே கிடையாது. ஆனால் மாவு மில்லில் மணியை வெட்டிப் பார்த்து, "வயிறு வெளுத்திருக்கு, மாவு இழுபடாது, மாட்டுக்குப் போடுங்க"ன்னு நாற்பது வீட்டு வண்டிகளையும் திருப்பிவிட்டார்கள்.

உன் அண்ணி மாவைக் கைமேல் போட்டுத் தோள்வரை இழுத்து ரொட்டி போடுகிறவள். இந்த மாவு மணிக்கட்டைத் தாண்டுமுன்னே கிழிந்துவிட்டது. "கதிரை எண்ணினாளே மகராசி, ஒரு ரொட்டி போட்டுப் பார்த்தாளாமா?" என்கிறாள்.

உனக்கு முன்பே தெரியுமா?

ஃபிதென்சியோ

ஒப்ரெகான்
20 மே 1975

அண்ணா,

தெரியும். கதிரில் மணி கூடக் கூட மாவின் இழுவை குறைவதை விதை அனுப்புமுன்பே பார்த்தேன். "விளைச்சலை மட்டும் எழுது, விதைக்கு உன் பேரையே வைக்கிறேன்" என்றார் மேலதிகாரி. புத்தி கெட்டுப்போய் வாயை மூடிக்கொண்டேன். மன்னித்துவிடு.

எர்லிந்தா

மெஸ்கித்தால்
26 மே 1975

எர்லிந்தா,

மன்னிப்பு எனக்கெதற்கு? ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். என் வார்த்தையை நம்பி விதைத்தவர்கள் வந்திருப்பார்கள். எனக்கு எழுதியதை அவர்கள் முன்னால் வந்து சொல். அது போதும்.

அண்ணன்

ஒப்ரெகான்
29 மே 1975

அண்ணா,

ஞாயிறு வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், விதையை நான்தான் காட்ட வேண்டும். வராவிட்டால் வேலை போய்விடும். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வருகிறேன். கோபிக்காதே.

எர்லிந்தா

மெஸ்கித்தால்
3 ஜூன் 1975

எர்லிந்தா,

கூட்டம் முடிந்தது. "அந்தப் பொண்ணு நம்மள ஏமாத்திட்டாளா?"ன்னு ஊர்ப் பெரியவர் தொன் எலியுத்தேரியோ நேராகவே கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது, உன்மேல்தான். ஆனால் எழுந்து நின்றதும் வாயில் வேறு வந்தது. "அவ அப்பவே எச்சரிச்சா, விளைச்சலுக்கு ஆசைப்பட்டு நான்தான் மறைச்சேன்"னுட்டேன். யாரும் திட்டவில்லை. ஊருக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிடும் பொறுப்பை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வராதே. இனி நீ உண்மையைச் சொன்னால் இரண்டாம் முறையும் நான்தான் பொய்யன். ஊர்ப் பண்டிகைக்கும் வராதே. ஊரே உன்னை அன்பாக விசாரிக்கும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஃபிதென்சியோ